நீலகிரியிலும் கொடைக்கானலிலும் காட்டுக்குள் நிகழ்ச்சி நடத்த அனுமதி வாங்குவது எப்படி?

மாணவர்களுக்கு இயற்கை முகாம், பறவைக் கணக்கெடுப்பு, குறும்படம், ஓட்டப்பந்தயம், கம்பெனி ஆட்களுக்கு அவுட்டிங் என்று ஏதோ ஒன்றை மலையில் நடத்தலாம் என்று ஒரு குழுவில் பேச்சு வரும். யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று விசாரித்தால் பத்துப் பேர் பத்து ஆபீஸைச் சொல்வார்கள். எங்கள் இயற்கைக் கழகத்துக்காக ஊட்டி, மசினகுடி என்று ஃபைலைத் தூக்கிக்கொண்டு நடையாய் நடந்திருக்கிறேன். பிறகு நண்பர்களுக்குத் துணையாகக் கொடைக்கானலிலும் ஒரு சுற்று. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். காட்டுக்குள் நடத்த நினைக்கும் நிகழ்ச்சிகளில் பாதிக்கு மேல் காட்டுக்குள் நடக்கத் தேவையே இல்லாதவை. காட்டின் விளிம்பில், வேறு துறையின் இடத்தில் வைத்துக்கொண்டால் வேலை கால்வாசியாகக் குறையும். உங்களுடையது அந்த வகைதானா என்று முதல் இரண்டு படிகளிலேயே தெரிந்துவிடும்.

1. இடம் யாருடையது என்று பாருங்கள்

மலையில் பத்தடி தள்ளினால் துறை மாறிவிடும். ஊட்டி தாவரவியல் பூங்கா, குன்னூர் சிம்ஸ் பூங்கா, கொடைக்கானல் பிரையண்ட் பூங்கா ஆகியவை தோட்டக்கலைத் துறையுடையவை. ஊட்டி, பைக்காரா படகு இல்லங்கள் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்திடம் இருக்கின்றன. கொடைக்கானல் ஏரி நகராட்சியின் பொறுப்பு. ஊட்டி கேர்ன்ஹில், கோத்தகிரி லாங்வுட் சோலை, கொடைக்கானல் பைன் காடு, தூண் பாறை, பேரிஜம் இவையெல்லாம் வனத்துறை. அவலாஞ்சி, அப்பர் பவானி மாதிரி இடங்களில் அணை மின்வாரியத்துடையது, அதைச் சுற்றியிருக்கும் காடு வனத்துறையுடையது. அங்கே இரண்டு பேரையும் பார்த்தாக வேண்டும். மன்னவனூரில் ஏரிக்கரைச் சூழல் சுற்றுலாவை வனத்துறை நடத்துகிறது. அதே ஊரில் உள்ள செம்மறி ஆராய்ச்சி நிலையம் மத்திய அரசுடையது. வெலிங்டனில் பாதி இடம் ராணுவத்தின் கையில். தேயிலைத் தோட்டத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றால் அது தனியாருடையதா, டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகத்துடையதா என்று கேளுங்கள்.

சந்தேகம் இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணைக் கேட்டு வாங்கி, தமிழக அரசின் நில ஆவணத் தளத்தில் அ-பதிவேட்டைப் பாருங்கள். காப்புக்காடு, புறம்போக்கு, பட்டா என்று அதில் தெரிந்துவிடும். உள்ளூர் ஆட்களின் வாய்மொழியை நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

வனத்துறை இடம்தான் என்றாலும் அதற்குள் அடுக்குகள் உண்டு. சாதாரணக் காப்புக்காடு என்றால் மாவட்ட வன அலுவலர் மட்டத்தில் பேசிப் பார்க்கலாம். நீலகிரி வனக்கோட்டத்துக்கு ஊட்டியில் ஒருவர், கூடலூர் கோட்டத்துக்கு இன்னொருவர், கொடைக்கானலுக்குத் தனியாக ஒருவர். முதுமலை புலிகள் காப்பகம் என்றால் கள இயக்குநர், அவருக்குக் கீழே உள்வட்டத்துக்கும் வெளிவட்டத்துக்கும் தனித்தனித் துணை இயக்குநர்கள். முக்குருத்தி தேசியப் பூங்கா மொத்தமே 78 சதுர கிலோமீட்டர் சொச்சம்தான், அதுவும் வரையாட்டுக்கான இடம். அங்கே நிகழ்ச்சி என்று பேச்சை எடுக்கவே வேண்டாம். பழனி மலையில் தேசியப் பூங்கா கிடையாது. ஆனால் 2013-ல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 600 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்திருக்கிறது. நீங்கள் ‘ஊருக்கு வெளியே’ என்று நினைக்கும் இடம் பெரும்பாலும் அதற்குள்தான் வரும்.

2. உங்கள் நிகழ்ச்சி சட்டத்தின் எந்த வாசலில் நுழையும்?

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, சரணாலயத்துக்குள் வெளியாட்கள் எதற்காகப் போகலாம் என்று வரிசை போட்டுச் சொல்கிறது: வனவிலங்கு பற்றிய ஆய்வு, புகைப்படம், அறிவியல் ஆராய்ச்சி, சுற்றுலா, உள்ளே குடியிருப்பவர்களோடு சட்டப்படியான வேலை. வாழிடத்துக்குக் கேடில்லாத படப்பிடிப்பு 2022 திருத்தத்தில் சேர்ந்தது. 35ஆம் பிரிவு இதையே தேசியப் பூங்காவுக்கும் பொருத்துகிறது. அவ்வளவுதான் பட்டியல். அனுமதி கொடுக்கும் அதிகாரம் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம், அதாவது சென்னையில் இருக்கிறது.

இப்போது உங்கள் நிகழ்ச்சியை அந்தப் பட்டியல் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பறவை, பட்டாம்பூச்சிக் கணக்கெடுப்பு நுழையும். மாணவர் இயற்கை முகாம், வனத்துறையின் தங்குமிடத்தில் வனத்துறை வழிகாட்டியோடு என்றால் நுழையும். ஆவணப்படம், நிறையக் காகிதங்களோடு நுழையும். கல்யாண ஷூட், பிறந்தநாள், டி.ஜே., சைக்கிள் போட்டி, மாரத்தான், புத்தாண்டுக் கொண்டாட்டம் எதுவும் நுழையாது. மேலே யாரையாவது தெரியும் என்பவர் சொல்லைக் கேட்டு மாதங்களை வீணாக்காதீர்கள். ஓட்டப்பந்தயத்துக்கு ஆசைப்பட்டால் கோத்தகிரி, குன்னூர் பக்கத்து ஊர்ச்சாலைகளில் காவல்துறை, உள்ளாட்சி, நெடுஞ்சாலைத்துறை அனுமதியோடு நடத்துங்கள். குளிரும் மேடும் அங்கேயும் அதேதான்.

பொக்காபுரம் மாரியம்மன் திருவிழாவுக்கு மட்டும் ஆயிரக்கணக்கில் ஆட்களை விடுகிறார்களே என்று ஒரு கேள்வி வரும். அது காலங்காலமாக நடக்கும் வழிபாடு. அதற்கே நாள், நேரம், வண்டி நிறுத்துமிடம், பிளாஸ்டிக் என்று ஏகப்பட்ட கட்டுப்பாடு உண்டு. அதைக் காட்டி நம் நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்டால் எடுபடாது.

வெறுமனே மலை ஏறத்தான் ஆசை என்றால் இந்தக் கட்டுரையே உங்களுக்குத் தேவையில்லை. 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் 23 பேர் இறந்த பிறகு விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் 40 பாதைகளோடு வந்தது. கரிக்கையூர்–பொறிவரை, வட்டக்கானல்–வெள்ளகவி போன்றவை அதில் இருக்கின்றன. ஆன்லைனில் பதிவு செய்து, கட்டணம் கட்டி, வழிகாட்டியோடு போய்வரலாம். முப்பது பேர் கொண்ட கல்லூரிக் குழுவைக்கூட இரண்டு அணியாகப் பிரித்து இதிலேயே அனுப்பிவிடலாம் என்பது என் கணக்கு.

3. தேதியைக் காட்டைக் கேட்டு வையுங்கள்

டிசம்பர், ஜனவரியில் மேல்மலைப் புல் உறைபனி பட்டுக் கருகும். பிப்ரவரியில் அது காய்ந்து கிடக்கும். மசினகுடிப் பக்கத்து முள்காட்டுக்கும் அப்போதுதான் வறட்சி. ஆகவே பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை தீக்காலம் என்று மலையேற்றத்தை நிறுத்துவார்கள், சில சமயம் வேன் சவாரியும் நிற்கும். அந்த மாதங்களில் தேதி கேட்டு மனு கொடுத்தால் ஃபைல் மேலே போகாமல் அப்படியே கிடக்கும்.

மே மாதம் மலர்க் கண்காட்சி, சீசன் கூட்டம். அதிகாரிகள் யாரும் கையில் சிக்க மாட்டார்கள். ஜூன் முதல் செப்டம்பர் நடு வரை நீலகிரியின் மேற்குப் பக்கம் மழைக்கானது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, சாலையே காணாமல் போனது. அக்டோபர், நவம்பரில் கொடைக்கானலுக்கு வடகிழக்குப் பருவமழை. மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்த்தால் செப்டம்பர் கடைசி, டிசம்பர், ஜனவரி. இதில் டிசம்பர் கடைசி வாரத்தையும் பொங்கல் விடுமுறையையும் கழித்துவிடுங்கள்.

நிகழ்ச்சிக்கு மூன்று மாதம் முன்பே மனு கொடுங்கள். சென்னை வரை போகவேண்டிய ஃபைல் என்றால் ஐந்து மாதம். விலங்குக் கணக்கெடுப்பு நாட்களில் ரேஞ்சரிலிருந்து வாட்சர் வரை எல்லோரும் காட்டில்தான் இருப்பார்கள். மனுவில் இரண்டு மாற்றுத் தேதிகள் எழுதினால் தேதிக்காக மட்டும் திரும்பி வராது.

4. காகிதங்கள்

எல்லாம் இரண்டு செட், கொடைக்கானலுக்கும் முதுமலைக்கும் மூன்று செட். ஒன்று கையில், ஒன்று ஆபீஸில், ஒன்று ரேஞ்சரிடம்.

கவரிங் லெட்டரை லெட்டர்பேடில், தமிழில், ஒரே பக்கத்தில் எழுதுங்கள். யார், எங்கே, எந்தத் தேதி, எத்தனை பேர், எதற்காக, எந்தப் பிரிவின் கீழ் அனுமதி கேட்கிறீர்கள் என்று வரிசையாக இருந்தால் போதும். ‘இயற்கையின் மடியில்’ என்றெல்லாம் ஆரம்பிக்காதீர்கள். படிக்கிறவர் அன்றைக்கு நாற்பது மனு படிக்கிறவர்.

சங்கம், அறக்கட்டளை என்றால் பதிவுச் சான்று, பான் கார்டு நகல், பொறுப்பாளரின் ஆதார். கல்லூரி என்றால் முதல்வர் கையெழுத்து, பள்ளி என்றால் தலைமையாசிரியர் கடிதமும் ஒவ்வொரு பெற்றோரின் சம்மதக் கடிதமும். கலந்துகொள்கிறவர்கள் பட்டியலில் பெயர், வயது, ஊர், போன், அடையாள அட்டை எண். வெளிநாட்டவர் ஒருவர் இருந்தாலும் பாஸ்போர்ட், விசா நகல் கட்டாயம்.

அடுத்தது நிரல். ஆபீஸில் முதலில் புரட்டுவது இந்தத் தாளைத்தான், எல்லோரும் கோட்டைவிடுவதும் இதில்தான். மணிவாரியாக எழுதுங்கள்: காலை 6.30 பறவை நடை, 9.00 சாப்பாடு, எங்கே, எத்தனை பேர். எனக்குத் தெரிந்த ஒரு குழுவின் மனு எல்லாம் சரியாக இருந்தும் திரும்பி வந்தது. நிரலில் ‘இரவு 8.00 – கேம்ப் ஃபயர்’ என்ற வரியைச் சிவப்பு மையால் சுழித்து, பக்கத்தில் ‘பிரிவு 30’ என்று எழுதியிருந்தார்கள். சரணாலயத்துக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டுவது வனவிலங்குச் சட்டத்தின் அந்தப் பிரிவில் குற்றம். மாலை 6 மணிக்கு மேல் வெளியே எந்த நிகழ்ச்சியும் போடாதீர்கள். பாட்டு, மைக், ‘கலை நிகழ்ச்சி’ எதுவும் வேண்டாம்.

வரைபடம்: கூகுள் படத்தை பிரிண்ட் எடுத்து, நடக்கும் பாதையைச் சிவப்பில் கோடு போட்டு, வண்டி நிற்கும் இடம், சாப்பிடும் இடம், கழிப்பறை மூன்றையும் குறியுங்கள். ஜி.பி.எஸ். எண்களை ஓரத்தில் எழுதுங்கள். இடப்பெயர் உள்ளூர்க்காரர்கள் சொல்லும் பெயராக இருக்கட்டும், ரேஞ்சர் அதை வைத்துத்தான் ஆள் அனுப்பிப் பார்ப்பார்.

வண்டிகளின் ஆர்.சி., இன்சூரன்ஸ், ஓட்டுநர் உரிமம். கொண்டுபோகும் பொருட்களின் பட்டியல்: கேமரா எத்தனை, லென்ஸ் எத்தனை, கூடாரம் உண்டா. ட்ரோனைப் பட்டியலில் சேர்க்காதீர்கள், கையிலும் எடுத்துப் போகாதீர்கள். கத்தி மாதிரி ஏதாவது சமையலுக்கு வேண்டும் என்றால் அதையும் எழுதிவிடுங்கள். ஆயுதத்தோடு நுழைவதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது, செக்போஸ்டில் போய் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

குப்பைத் திட்டம் அரைப்பக்கம். சரணாலயத்துக்குள் குப்பை போடுவது அதே சட்டத்தின் 27ஆம் பிரிவில் குற்றம். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. ஆகவே கேன், எவர்சில்வர் டம்ளர், துணி பேனர் என்று எழுதுங்கள். ஃப்ளெக்ஸ் என்ற சொல்லே மனுவில் இருக்கக் கூடாது.

கடைசியாக உறுதிமொழிப் பத்திரம். முத்திரைத்தாள் எத்தனை ரூபாய்க்கு வேண்டும் என்று ஆபீஸிலேயே கேட்டுவிட்டு வாங்குங்கள், பழைய மதிப்பில் வாங்கி வந்தவர்கள் திரும்பப் பத்திரக்காரரிடம் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். முதலுதவி, விபத்துக் காப்பீடு, யானை தாக்கினால்கூட வனத்துறை பொறுப்பல்ல என்பது போன்ற வரிகள் இதில் இருக்கும். குழுவில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

5. மனு கொடுப்பதும் ஃபைல் நடப்பதும்

மனுவை மாவட்ட வன அலுவலகத் தபால் பிரிவில் கொடுங்கள். இரண்டாவது பிரதியில் சீல், தேதி, பதிவு எண் மூன்றும் விழுந்தால்தான் கொடுத்ததாகக் கணக்கு. சீல் மட்டும் குத்திக் கொடுத்தால் எண்ணைக் கேட்டு எழுதி வாங்குங்கள். பிறகு எப்போது போன் செய்தாலும் முதல் கேள்வி, ‘நம்பர் என்ன சார்?’ என்பதுதான்.

அங்கிருந்து ரேஞ்சருக்கு இட அறிக்கை கேட்டுப் போகும். இதுதான் சிக்கும் இடம். ரேஞ்சரைப் போய்ப் பார்த்து, எந்த நாள் ஃபாரஸ்டரை அனுப்புவீர்கள் என்று கேட்டு, அன்றைக்கு நீங்களும் போய் நில்லுங்கள். பாதையை அவரோடு நடந்து காட்டுங்கள். ‘இங்கே ஒற்றை (தனி யானை) நிற்குது, அந்தப் பக்கமா போங்க’ என்று ஒரு வாட்சர் எங்களுக்குப் பாதையையே மாற்றிக் கொடுத்தார், அந்த மாற்றம்தான் அறிக்கையில் சாதகமாக விழுந்தது. அறிக்கை திரும்பிய பிறகு மாவட்ட வன அலுவலர், தேவையானால் கள இயக்குநர், பிறகு சென்னை.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் நாள், அதிகாரிகள் அங்கே இருப்பார்கள். செவ்வாய், புதன் காலை 10.30-க்குப் போங்கள். புரோக்கர்கள் உண்டு. ரிசார்ட்காரர் ‘பர்மிஷன் எல்லாம் நாங்க பார்த்துக்கறோம்’ என்பார். பார்த்துக்கொள்ளட்டும், ஆனால் உத்தரவு நகலை உங்கள் பெயரில், உங்கள் தேதியில் கண்ணால் பார்க்கும்வரை பணம் கொடுக்காதீர்கள். மசினகுடிப் பக்கம் ‘நைட் சஃபாரி’ என்று ஜீப்பில் ஏற்றுவது சட்டவிரோதம். பிடிபட்டால் ஏற்றியவரோடு ஏறியவருக்கும் வழக்கு. வனவிலங்குச் சட்டத்தின் பொதுவான தண்டனையே மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

6. செலவு

கட்டண அட்டவணை அவ்வப்போது மாறும், ஆகவே போன வருடம் போனவர் சொன்ன தொகையை வைத்துப் பட்ஜெட் போடாதீர்கள். மனு கொடுக்கும் அன்றே அட்டவணையின் நகலைக் கேளுங்கள். தலைப்புகள் இவை: ஆளுக்கு நுழைவு, வண்டிக்கு நுழைவு, கேமரா, வழிகாட்டி அல்லது வாட்சர் படி, தங்குமிடம், படப்பிடிப்பு என்றால் நாள் வாடகையும் திரும்ப வரும் டெபாசிட்டும். படப்பிடிப்புக் கட்டணம் மற்றவற்றைவிடப் பல மடங்கு. மாணவர் முகாம் என்றால் சலுகை கேட்டு ஒரு வரி எழுதுங்கள். கேட்காதவருக்குத் தானாகக் கிடைக்காது.

பணம் இ-சலான் வழியாக அரசு கருவூலத்துக்குப் போகும், முதுமலையில் காப்பகத்தின் அறக்கட்டளைக் கணக்குக்கும் போகலாம். ஒருவரின் சொந்த ஜிபே எண்ணுக்குப் போடச் சொன்னால் போடாதீர்கள். வாட்சருக்குக் கொடுக்கும் படிக்கும் ரசீது உண்டு. அவர் வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு வருகிறவர், உங்கள் சாப்பாட்டில் அவருக்கும் ஒரு இலை சேர்த்துச் சொல்லுங்கள்.

7. மற்ற ஆபீஸ்கள்

வனத்துறை உத்தரவு மட்டும் போதாது. காவல் நிலையத்துக்கு ஒரு கடிதம், நகலில் சீல். ஐம்பது பேருக்கு மேல் என்றால் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கும் தகவல். ஊருக்குள் ஒலிபெருக்கி வைத்தால் காவல்துறை அனுமதி வேண்டும், இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது. சமையல் கான்ட்ராக்டரின் உணவுப் பாதுகாப்பு உரிம நகல். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலைய எண்.

வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் உண்டு, இலவசம்தான். ஆனால் 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வாரநாளில் 6,000, வாரக்கடைசியில் 8,000 வண்டி என்றும் கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் உச்சவரம்பு வைத்தார்கள். வனத்துறை உத்தரவு கையில் இருப்பதால் இ-பாஸ் தேவையில்லை என்று நினைக்காதீர்கள், கல்லாறு செக்போஸ்டில் நிறுத்துகிறவருக்கு அந்த உத்தரவால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அரசுப் பேருந்தில் வந்தால் இந்தத் தலைவலியே கிடையாது.

மசினகுடிக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக இறங்க வெளியூர் வண்டிகளை விடுவதில்லை, கூடலூர் சுற்றித்தான் போகவேண்டும். முதுமலைச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். மைசூர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள் எட்டு மணிக்கு முன்பே செக்போஸ்ட்டைத் தாண்டுகிற மாதிரி கிளம்ப வேண்டும்.

8. உத்தரவு வந்த பிறகு

நிபந்தனைகளை வரி வரியாகப் படியுங்கள். ஆள் எண்ணிக்கை, வண்டி எண், நேரம், பாதை நான்கும் உத்தரவில் என்ன இருக்கிறதோ அதுதான். எங்களுக்கு அன்று காலை டிராவல்ஸ்காரர் வேறு வேன் அனுப்பிவிட்டார். செக்போஸ்டில் கார்டு உத்தரவை வாங்கி, வண்டி எண்மேல் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்து, நம்பர் பிளேட்டைப் பார்த்து, மறுபடி தாளைப் பார்த்து, ‘இது அந்த வண்டி இல்லீங்களே’ என்றார். ரேஞ்சருக்குப் போன் போட்டு, புது எண்ணை எழுத்தில் கொடுத்து, பறவை நடை போக வேண்டிய நேரம் முழுக்கச் செக்போஸ்ட் திண்ணையிலேயே போயிற்று. அவர் செய்தது சரிதான். ஆகவே மாற்று வண்டி ஒன்றின் எண்ணையும் மனுவிலேயே சேர்த்துவிடுங்கள்.

உத்தரவின் நகல் ஒவ்வொரு வண்டியிலும் ஒன்று, அதுவும் காகிதத்தில். அப்பர் பவானிப் பக்கம் போனில் சிக்னல் இருக்காது. முதல் நாள் மாலையே ரேஞ்சருக்குப் போன் செய்து நாளை வருகிறோம் என்று சொல்லுங்கள். யானைக்கூட்டம் இறங்கியிருந்தால், மழை பிடித்திருந்தால், உத்தரவு கையில் இருந்தாலும் உள்ளே விட மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு. வாதம் செய்யாமல் மாற்றுத் தேதியை எழுதி வாங்குங்கள்.

முடிந்த பிறகு ஒரு வாரத்துக்குள் ஒரு பக்க அறிக்கையும், பார்த்த உயிரினங்களின் பட்டியலும், இடத்தைச் சுத்தமாக விட்டதற்கு இரண்டு புகைப்படமும் அதே தபால் பிரிவில் கொடுங்கள். டெபாசிட்டைத் திரும்பக் கேட்கும் கடிதத்தையும் அன்றே சேர்த்துக் கொடுங்கள். தானாக வரும் என்று காத்திருந்தால் நிதியாண்டு முடிந்து, மார்ச்சுக்குப் பிறகு புது ஃபைல் திறக்கச் சொல்வார்கள். இழுத்தடித்தால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, உங்கள் பதிவு எண்ணைக் குறிப்பிட்டு, ஃபைல் இப்போது யார் மேஜையில் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள். பணம் கணக்கில் ஏறும்வரை அசல் சலானை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள், கேட்டால் நகல் கொடுங்கள்.